ஜெபக் கூட்டமும் சாதிச் சான்றிதழும்

புது தில்லி: ஒரு வீட்டின் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபம் செய்வது, செய்தியாகும் அளவுக்குப் பெரிய நிகழ்ச்சி அல்ல. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு அந்த உரிமையை எல்லோருக்கும் வழங்கியுள்ளது. ஆனால், அந்தப் பத்துப் பதினைந்து பேரில் ஒருவர் வேதாகமத்தைக் கையில் எடுத்துக் கூட்டத்தை நடத்தத் தொடங்கும்போது அவருடைய நிலை மற்றவர்களின் நிலையிலிருந்து வேறுபட்டுவிடுகிறது. வந்து அமர்ந்திருப்பவர் உறவினராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, சும்மா எட்டிப் பார்த்தவராகவோ இருக்கலாம். நடத்துபவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் ஊரறிந்த கிறிஸ்தவர்.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த வேறுபாடு வெறும் வார்த்தை ஜாலம் அல்ல. ஒருவருடைய வேலை, பிள்ளைகளின் கல்விச் சலுகை, அவர் தாக்கப்பட்டால் காவல் நிலையத்தில் எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகும் என்பது வரை இதனால் தீர்மானிக்கப்படுகிறது.

ஆர்க்காட்டின் மிச்சம்

இன்றைய சித்தூர் நகரம் 1911-ம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் பணி வேலூரிலிருந்து இந்தப் பகுதிக்கும் பரவியது. கிழக்கே, ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 19-ம் நூற்றாண்டில் சூலூர்பேட்டை பக்கம் வேலையைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியான தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருப்பதியில்தான் உள்ளது. ஏழுமலையானின் நகரம் என்று உலகம் அறிந்த ஊரில் ஒரு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமும் இருப்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரே கூட்டத்தில் பாட்டு தமிழிலும் பிரசங்கம் தெலுங்கிலும் ஒலிப்பது எல்லையோர ஊர்களில் புதிதல்ல. மாநில எல்லை மாறினாலும் வேலூரை நோக்கிய பழக்கம் மாறவில்லை. மருத்துவமனைக்கு மட்டுமல்ல, மகாசபைக்கும் கூடத்தான்.

நடத்துவது எப்படி?

இந்தக் கூட்டங்களுக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. வயல் வேலையோ, கட்டட வேலையோ முடிந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் ஆட்கள் வருவார்கள். நடத்துபவர் முதலில் பாட்டு எடுத்துக் கொடுக்க ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். வசனம் வாசிக்கும்போது எழுத்துத் தெரியாதவர் கூச்சப்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சாட்சி சொல்ல எழுந்தவர் அதை மருமகள் மீதான புகாராக மாற்றிவிட்டால் மனம் நோகாமல் நிறுத்த வேண்டும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், வட்டிக் கடன், ஆறாத காய்ச்சல் என்று ஒவ்வொருவரும் சொல்லும் விண்ணப்பத்தை நினைவில் வைத்து, பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். கூட்டத்தில் சொன்னது தெருவுக்குப் போகாமல் காப்பதும், வராதவரின் வீட்டுக்கு மறுநாள் போய்ப் பார்ப்பதும் அவர் பொறுப்பே.

இதற்குக் குருப்பட்டம் தேவையில்லை. தென்னிந்தியத் திருச்சபை போன்ற சபைகளில் திருவிருந்து வழங்கும் அதிகாரம் குருவானவருக்கே உரியது. வீட்டு ஜெபத்தை நடத்த அந்த அதிகாரம் வேண்டியதில்லை. ஆகவே பள்ளி ஆசிரியர், செவிலியர், ரயில்வே ஊழியர், கூலி வேலை செய்பவர் என யார் வேண்டுமானாலும் நடத்தலாம். பெண்களும் நடத்துகிறார்கள். தமிழகக் கத்தோலிக்கர்கள் இதே ஏற்பாட்டை "அன்பியம்" என்கிறார்கள்.

சேரியில் பிறந்து, ஊர்க் கூட்டத்தில் ஓரமாக நின்றே பழகிய ஒருவருக்கு, பதினைந்து பேர் அமைதியாகக் கேட்க, பேசும் வாய்ப்பு முதன்முதலாக இங்குதான் கிடைக்கிறது. இதைச் சமயச் செய்தியாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத் தவற விடுகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1742-ல் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காக உறுப்பினர்களைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை நியமித்தார். வசூலுக்காகத் தோன்றிய ஏற்பாடு ஏழைத் தொழிலாளிக்குப் பேசவும் கணக்கு வைக்கவும் கூட்டம் நடத்தவும் கற்றுக்கொடுத்தது. 1834-ல் சங்கம் சேர்ந்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்பட்டில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேரில் முதன்மையானவர் ஜார்ஜ் லவ்லெஸ். அவர் குருப்பட்டம் பெறாத மெதடிஸ்ட் பிரசங்கியார். தென் கொரியத் தலைநகர் சோலில் டேவிட் யாங்கி சோ 1964-ல் உடல்நலம் குன்றியபோது வீட்டுக் குழுக்களைப் பெண்களிடம் ஒப்படைத்தார். அந்தச் சபை பின்னாளில் உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது.

தெலுங்கு நாட்டில் இந்த முறைக்கு வேர் பிடிக்க வைத்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. பகலெல்லாம் நிலத்தில் உழைக்கும் மாலா, மாதிகா மக்களுக்காக, கிராமத்து உபதேசியாரும் அவர் மனைவியும் இரவு நேரத்தில் பாட்டும் ஜெபமும் நடத்தும் முறையை அவரது பேராயம் பரவலாக்கியது. பின்னர், பஞ்சாபிலிருந்து வந்த பக்த் சிங் 1941-ல் சென்னையில் தொடங்கி, ஹைதராபாதை மையமாக்கி, வெளிநாட்டு மிஷன்களின் பிடிக்கு வெளியே சுதந்திரச் சபைகளை உருவாக்கினார். இன்று ஆந்திரக் கிராமங்களில் காணும் சிறு சபைகள் பல, இவ்விரு வழிகளில் ஒன்றிலோ பெந்தெகொஸ்தே வழியிலோ வந்தவை.

பத்து ஆண்டு ஊழியம், ஒரு தீர்ப்பு

இத்தகைய ஊழியர் ஒருவரின் வழக்குதான் 2025-ல் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. சித்தூரிலிருந்து தொலைவில், பழைய குண்டூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிறு ஆராதனை நடத்திவந்த போதகர், தம்மைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாக 2021-ல் சிலர் மீது புகார் அளித்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2025 ஏப்ரல் 30-ம் தேதி நீதிபதி என். ஹரிநாத் அந்த வழக்கை ரத்து செய்தார். புகார்தாரர் பத்து ஆண்டுகளாகப் போதகராக இருந்துவருபவர். கிறிஸ்தவத்துக்கு மாறியவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகத் தொடர முடியாது. கையில் உள்ள சாதிச் சான்றிதழ் ரத்து செய்யப்படாதிருப்பது அவருக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பைத் தராது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இதில் வியப்பு எதுவும் இல்லை. 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்துக்களை மட்டுமே தாழ்த்தப்பட்ட வகுப்பினராக ஏற்றது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிறுத்தப்பட்டனர். ஆந்திர அரசு 1977-ல் ஓர் ஆணை மூலம் கிறிஸ்தவத்துக்கு மாறிய தாழ்த்தப்பட்டோருக்குச் சில பொருளாதாரச் சலுகைகளை நீட்டித்தது. சட்டப்படியான உரிமைகள் அதில் அடங்கா. மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவர்களுக்கு "சி" பிரிவில் கிடைப்பது 1 சதவீத இடஒதுக்கீடு.

கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் மதமாற்றத்துக்குச் சான்றாக எதை எடுத்துக்கொண்டது என்பதே. ஊரில் கூட்டம் நடத்தியதே சான்று. அதே கூட்டத்தில் பாயில் அமர்ந்திருந்தவர்கள் நாளை தாக்கப்பட்டால் அவர்களுடைய சான்றிதழை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. தாக்குதலுக்கு ஆளாகும் வாய்ப்போ நடத்துபவருக்குத்தான் அதிகம். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவரிடமிருந்தே அது முதலில் விலகுகிறது. அடிப்பவர் மதம் பார்த்து அடிக்கிறாரா, சாதி பார்த்து அடிக்கிறாரா என்று கிராமத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி பழையது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக் கடை தமக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று கூறி 1985-ல் மனு தள்ளுபடியானது. சித்தூருக்கு அருகே கோலார் தங்க வயலில் நடந்தது இன்னும் சுவையானது. அந்தத் தனித் தொகுதியில் 1967-ல் வென்ற எஸ். ராஜகோபால் கிறிஸ்தவர் என்று சி.எம். ஆறுமுகம் வழக்குத் தொடர, தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. 1972-ல் ராஜகோபால் மறுபடி வென்றார். ஆறுமுகம் மறுபடி வழக்குத் தொடர்ந்தார். இம்முறை, அவர் இந்து மதத்துக்குத் திரும்பியதையும் சாதியார் அவரை ஏற்றதையும் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு தேர்தலை உறுதி செய்தது. ஒரே மனிதர், ஒரே சாதி, ஒரே தொகுதி. இடையில் மாறியது மதம் மட்டுமே.

குறையும் எண்ணிக்கை

இதன் விளைவு மக்கள்தொகைக் கணக்கில் தெரிகிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1971-ல் கிறிஸ்தவர்கள் 4.19 சதவீதம். 2001-ல் 1.55 சதவீதம். 2011-ல் 1.34 சதவீதம். இதே காலத்தில் சிறு சபைகள் பெருகியதைக் கண்ணால் கண்டவர்கள் இந்தக் கணக்கை எப்படி நம்புவார்கள்? கணக்கெடுப்பாளரிடம் மதம் "கிறிஸ்தவம்" என்று சொன்னால் தாழ்த்தப்பட்டோருக்கான கட்டத்தில் எதுவும் எழுத இயலாது. எனவே, ஞாயிறன்று ஒன்று, படிவத்தில் ஒன்று என்ற இரட்டை வாழ்க்கை பழகிவிட்டது என்பதே பரவலான விளக்கம்.

இதை ஏமாற்று வேலை என்கின்றன இந்து அமைப்புகள். உண்மையான தாழ்த்தப்பட்ட இந்துவின் பங்கை மதம் மாறியவர் தின்கிறார் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அதைச் சொல்பவர்களில் தலித்துகளும் உள்ளனர். திருச்சபைகளின் கணக்கும் சுத்தமானதல்ல. எங்களிடம் சாதி இல்லை என்று பிரசங்க மேடையில் சொல்லிவிட்டு, எங்களிடம் சாதிக் கொடுமை உள்ளது என்று தில்லியில் மனுக் கொடுக்க வேண்டிய நிலையில் அவை உள்ளன. இரண்டில் எது உண்மை என்பது தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களுக்குத் தெரியும்.

கொரோனா காலத்தில், 2020-ல், அன்றைய ஜெகன் மோகன் ரெட்டி அரசு அர்ச்சகர், இமாம்களுடன் போதகர்களுக்கும் தலா 5 ஆயிரம் ரூபாய் உதவி வழங்கியது. பெற்ற போதகர்கள் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர். யாரும் எதிர்பாராதவாறு, அரசு கையிலேயே கூட்டம் நடத்துபவர்களின் பட்டியல் ஒன்று உருவாயிற்று. அவர்களில் பலர் இந்து தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் என்ற புகார் விரைவிலேயே மத்திய அரசுக்குப் போய்ச் சேர்ந்தது. உதவித் தொகையே காட்டிக்கொடுக்கும் ஆவணமாயிற்று.

மலையும் அடிவாரமும்

திருப்பதியில் இதனுடன் வேறொரு சட்டமும் சேர்கிறது. தமிழகத்தில் ஜெயலலிதா அரசு 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து, 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அதைக் கைவிட்டது. ஆந்திரம் வேறு வழியில் சென்றது. திருமலையில் பிற மதப் பிரசாரம் நடப்பதாக எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து, 2007-ல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி அரசு, வழிபாட்டுத் தலங்களில் பிற மதப் பிரசாரத்தைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. திருமலையில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. முதல்வரே கிறிஸ்தவர் என்பதால் எதிர்க்கட்சிகள் அவரைக் குறி வைத்திருந்த நேரம் அது. ஒரு கிறிஸ்தவ முதல்வரின் கையெழுத்திலேயே அந்தத் தடை வந்தது.

இந்தச் சட்டம் இடத்தைப் பற்றியது, ஆளைப் பற்றியதல்ல. கோடிக்கணக்கான பக்தர்கள் புனிதமாகக் கருதும் மலையில் வேறு மதத் துண்டறிக்கை கொடுக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. வேளாங்கண்ணியிலோ நாகூரிலோ அதைச் செய்தாலும் தவறுதான். அடிவார நகரத்தில் ஒரு வீட்டுக்குள் நடக்கும் ஜெபம் இச்சட்டத்தின் இலக்கு அல்ல.

அடிவாரத்து மக்களுக்கு உண்மையான சிக்கல் தேவஸ்தானத்தின் வேலை விதிகளில் உள்ளது. திருப்பதி வட்டாரத்தின் மிகப் பெரிய வேலை அளிப்பவர்களுள் ஒன்று திருமலை - திருப்பதி தேவஸ்தானம். கோயில் மட்டுமல்ல, மருத்துவமனைகள், கல்லூரிகள், விடுதிகள் அதன் பொறுப்பில் உள்ளன. ஊழியர்கள் இந்துக்களாக இருக்க வேண்டும் என்பது அதன் 1989-ம் ஆண்டுப் பணி விதி. மத நிறுவனத்தின் பணிகளுக்கு அம்மதத்தவரையே நியமிக்கச் சட்டம் வகை செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 16(5) பிரிவு கூறுகிறது. 2018-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. 2024 நவம்பரில் பி.ஆர். நாயுடு தலைமையிலான அறங்காவலர் குழு, இந்து அல்லாத ஊழியர்கள் விருப்ப ஓய்வு பெறவோ வேறு அரசுத் துறைக்கு மாறவோ வேண்டும் என முடிவு செய்தது. 2025 பிப்ரவரியில் 18 பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதிகாரி ஒருவர், தமது சொந்த ஊரான புத்தூரில் ஞாயிறுதோறும் சர்ச்சில் ஜெபத்தில் கலந்துகொள்கிறார் என்பதற்காகத் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டார். சில நாள்களில் மேலும் நால்வர் அவ்வாறே நீக்கப்பட்டனர்.

இங்கே கூட்டத்துக்குத் தலைமை தாங்கக்கூட வேண்டியதில்லை. அமர்ந்திருந்தாலே போதும்.

தேவஸ்தானத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பணியில் சேரும்போது இந்து தர்மத்தைப் பின்பற்றுவதாக உறுதிமொழி கொடுத்தவர்கள் இவர்கள் என்பது அதன் வாதம். உண்டியல் பணம் பக்தர்களுடையது. மடப்பள்ளியிலோ கோயில் நிர்வாகத்திலோ நம்பிக்கையற்றவர் இருப்பதைப் பக்தர்கள் ஏற்க மாட்டார்கள். ஆனால், மருத்துவமனையில் ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் மத நிறுவனத்தின் மதப் பணியா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். விடுமுறை நாளில், சொந்த ஊரில், ஒருவர் எங்கே போய் மண்டியிடுகிறார் என்று விசாரிக்கும் நிர்வாகம், வேலைக்கு வரும் நாளில் அவர் செய்யும் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை என்பதும் கவனத்துக்குரியது.

சிறு சபைகளும் தங்கள் பங்குக்குச் சிக்கலைக் கூட்டிக்கொள்கின்றன. பதினைந்து பேர் அமர்ந்த கூடத்துக்கு ஒலிபெருக்கி எதற்கு? சென்னையில் குடியிருப்போர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், அடுத்தவரின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே கூறிவிட்டது. வீட்டை வீடாகவே வைத்திருக்கும் வரை சட்டம் அதன் பக்கம் இருக்கும். பெயர்ப் பலகை மாட்டி, கூரையில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய பிறகு அது வேறு கதை. அனுபவமுள்ள மூத்த ஊழியர்கள் இதை அறிவார்கள். நேற்று ஊழியத்துக்கு வந்தவர்களுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும்.

தில்லியில் தேங்கும் கோப்பு

1950-ம் ஆண்டு ஆணையின் மதக் கட்டுப்பாட்டை நீக்கலாம் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. அதன் உறுப்பினர் செயலர் ஆஷா தாஸ் மாறுபட்ட கருத்துப் பதிவு செய்தார். அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படவே 2009 டிசம்பர் ஆயிற்று. அன்று ஆட்சியிலிருந்த காங்கிரஸ் கூட்டணி அதன் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. ஆதரித்தால் இந்து தலித் வாக்கு போகும், எதிர்த்தால் சிறுபான்மை வாக்கு போகும் என்ற கணக்கில், இரண்டையும் செய்யாமல் காலம் கடத்தினார்கள். தமிழகக் கட்சிகள் தேர்தல் அறிக்கையில் எழுதுவதோடு சரி. 2022 அக்டோபரில் பாஜக அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையத்தை அமைத்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. பிறகு அவகாசம் நீட்டிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் இதே பிரச்னை குறித்த மனு 2004-ம் ஆண்டைச் சேர்ந்தது.

இதற்கிடையே, 2027 மார்ச் 1-ம் தேதியை அடிப்படையாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கையை மத்திய அரசு 2025 ஜூனில் வெளியிட்டது. சாதியும் இம்முறை எல்லோரிடமும் கேட்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணும் முதல் கணக்கெடுப்பு இது. சித்தூர் எல்லையோரத்துக் காலனிகளில் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது, மதம் என்ன, சாதி என்ன என்று அடுத்தடுத்து இரு கேள்விகள் கேட்பார். கூட்டத்துக்கு வந்து போகிறவர் பழைய பதிலையே சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தை நடத்துபவரின் பதிலைத் தெருவே கேட்டுக்கொண்டிருக்கும்.